தேயிலை மண்ணுல போட்ட போஞ்சி

என் போனுக்கு ஒரு நாளைக்கு நாலு இலையாவது வரும். படமாத்தான். கருகின இலை, ஓரம் காஞ்ச இலை, நடுவுல ஓட்டை விழுந்த இலை. கீழ ஒரே கேள்வி: "அக்கா, என்ன மருந்து அடிக்கணும்?" இப்போ வேலை பார்க்குற புள்ளைங்க ஏதோ ஒரு ஆப்ல படத்தப் போட்டா, அதுவே நோயோட பேரச் சொல்லுதாம். தாராளமா சொல்லட்டும். ஆனா அது சொன்ன மருந்த மூணு தடவ அடிச்சு, அப்புறமும் கருகினாத்தான் இவங்களுக்கு என் ஞாபகம் வருது. எனக்கு இலை வேண்டாம் சாமி, வேரக் காட்டுங்கன்னு கேட்டா, "வேரக் காட்டணும்னா செடியப் புடுங்கணுமே அக்கா"ங்கிறாங்க. அந்தத் தயக்கம் எனக்கும் முப்பது வருசத்துக்கு மேல இருந்துச்சு. அதனால ஒரு பொம்பளைக்கு இருக்க வீடு இல்லாமப் போகப் பார்த்துச்சு. அதத்தான் எழுதுறேன்.

நான் றக்வானைக்கு மேல ஒரு தேயிலைத் தோட்டத்துல நர்சரி கங்காணியா இருந்து போன வருசம் ஓய்வு வாங்கினவ. பேரு சரோஜா. எல்லாரும் கங்காணியம்மான்னுதான் கூப்பிடுவாங்க. கங்காணி பொண்டாட்டியத்தான் வழக்கமா அப்படிக் கூப்பிடுறது. நான் நானே கங்காணி. என் வீட்டுக்காரரு ஸ்டோர்ல வேலை பார்த்தாரு. அவரக் கேலி பண்றதுக்கு இந்த ஒரு விசயம் போதும், நாங்க இருக்குற லயத்து வீட்டு வரிசையில யாரும் விட மாட்டாங்க.

பதினெட்டு வயசுல கொழுந்து எடுக்கப் போனேன். அஞ்சு வருசம் கழிச்சு நர்சரிக்கு மாத்தினாங்க. மண்ணு சலிக்கிறது, பையில நெறைக்கிறது, தேயிலைக் குச்சிய நடுறது, கூடாரத்துக்குள்ள ஈரம் பார்க்குறது. இதெல்லாம் ஒரு வருசத்துல வந்துரும். ஆனா ஒரு கட்டளை மட்டும் எலும்புல ஏறிப்போச்சு: உசுரோட இருக்குற தேயிலைக் கன்ன எவளும் பையிலிருந்து எடுத்துப் பார்க்கக் கூடாது. ஒவ்வொரு பையும் எண்ணி வச்சது. வேர் விட்டிருக்கான்னு ஆசைப்பட்டு ஒருத்தி பைய ஒடச்சா, அன்னிக்கு அவளுக்குப் பேர் விழாது, முழு நாள் சம்பளமும் போச்சு. அதனால நாங்க எல்லாத்தையும் இலையப் பார்த்தே கண்டுபிடிப்போம். கீழ் இலை முதல்ல போகுதா, கொழுந்து முதல்ல போகுதா? ஓரமா, புள்ளியா? ஒரு பக்கத்துப் பையெல்லாமா, அங்கொண்ணு இங்கொண்ணா? இந்த மூணு கேள்வியில எனக்கு முக்கால்வாசி விடை கெடச்சிரும். கேட்டுப் பாருங்க, எங்க தோட்டத்துல யாரும் இல்லன்னு சொல்ல மாட்டாங்க.

காய்கறிப் பக்கம் நான் போனது பிற்பாடு. உரம் கெடைக்காம நாடே திண்டாடின காலத்துல ஆளாளுக்கு வீட்டு முத்தத்துல பாத்தி கட்டினாங்க இல்லையா, அப்பத்தான். கொடகவெலயில ஒரு ஹார்ட்வெயார் கடை நானா. நல்ல மனுசன், முஸ்லிம் ஆளு, எங்க தோட்டத்துக்கு ஆணி, கம்பியெல்லாம் அவரு கடையிலதான் எடுக்குறது. கடைக்குப் பின்னால சீமெந்துக் கல்லு அடுக்கி மேட்டுப் பாத்தி கட்டி, தேங்கா மட்டைத் தும்புத்தூள் நெறச்சு, கறிமிளகாய் நட்டிருந்தாரு. இலை ஓரமெல்லாம் நெருப்பு பட்ட மாதிரி காஞ்சிருச்சு. மூணு விதமான மருந்து அடிச்சுட்டாரு.

நான் போய்ப் பார்த்தேன். எல்லாச் செடியும் ஒரே மாதிரி. நோய்னா ஒரு எடத்துல ஆரம்பிச்சுப் பரவும், இப்படி எல்லாம் ஒண்ணா வரிசை கட்டி நிக்காது. பாத்தி அடியில ஒழுகின தண்ணிய வெரல்ல தொட்டு நாக்குல வச்சேன்.

"அல்லாவே! என்ன புள்ள செய்றீங்க, மருந்து அடிச்ச தண்ணி!" நானா பதறிட்டாரு.

"உப்பு நானா. இந்தத் தும்புத்தூள் எங்க வாங்கினீங்க?"

கடலோரத்துப் பக்கம் ஒரு மில்லுல இருந்து லொறியில வந்ததாம். உப்புத் தண்ணியில ஊறின மட்டை. நல்ல தண்ணி விட்டு நாலு தடவ அலசச் சொன்னேன். அடுத்த மாசம் ஒரு பை கறிமிளகாய் பஸ்ல குடுத்து விட்டாரு. அன்னிக்கிருந்து எனக்குத் தலை கொஞ்சம் பெருத்துப் போச்சு. ஒத்துக்கிறேன்.

இந்தச் சமயத்துலதான் எங்க தோட்ட மானேஜர் பெரிய தொரை, வேலைக்குப் போறவங்க புள்ளைங்கள விட்டுட்டுப் போற புள்ளகாம்பராவுல புள்ளைங்களுக்குப் பகல் சாப்பாட்டுக்குக் காய்கறி நாமளே போடலாம்னு முடிவெடுத்தாரு. தொரை சிங்கள ஆளு. ஆனா எங்க தமிழ் அச்சா பேசுவாரு, நடுவுல ரெண்டு சிங்களச் சொல்லு விழும், அவ்வளவுதான். அவரு சத்தம் போட்டு நான் கேட்டதே இல்ல. காலையில ஆள் பிரிக்கிற பெரட்டுக்கு வருவாரு, குடைய முழங்கையில தொங்கவிட்டுட்டு நிப்பாரு. யாரு என்ன சொன்னாலும் ஒரே வார்த்தை: "காட்டுங்க." மலையில புல்லு வெட்டியாச்சுன்னா காட்டுங்க. தண்ணிப் பீலி ஒடஞ்சிருச்சுன்னா காட்டுங்க. யார் மேலயாவது குத்தம்னா பேனாவ எடுத்து உள்ளங்கையில அந்தப் பேர எழுதுவாரு. கடுதாசி இருந்தாலும் கையிலதான் எழுதுவாரு. எழுதிட்டா அன்னிக்குப் பொழுது சாயுறதுக்குள்ள ஆபீசுக்குக் கூப்பாடு வரும். அதனால அவரு பேனாவ எடுத்தா எல்லாரும் அந்தக் கையத்தான் பார்ப்போம்.

தோட்டத்தப் பார்த்துக்கிறதுக்குப் புஷ்பராணிய வச்சாரு. புஷ்பா குவைத்துல வீட்டு வேலைக்குப் போய் ஆறு வருசம் இருந்துட்டு வந்தவ. தோட்டத்து வேலையாளாப் பேர் பதியல. அவ அம்மாதான் பதிஞ்ச ஆளு, அந்தப் பேர்லதான் அவங்க குடியிருந்த லயத்துக் காம்பரா. அம்மா செத்துட்டாங்க. பேர் பதிஞ்ச ஆள் ஒருத்தர் இல்லன்னா காம்பராவ விடணும், அதுதான் எங்க தோட்டத்துச் சட்டம். தொரை நல்லபடியா ஒரு வழி சொன்னாரு: ஆறு மாசம் பாத்திகள ஒழுங்கா நடத்திக் காட்டட்டும், பேர் பதியலாம், காம்பராவும் அவளுக்கே. நடக்கலன்னா காம்பரா வேற குடும்பத்துக்கு. புஷ்பாவுக்குப் போக வேற எடமே கிடையாது. புருசன் எப்பவோ வேற ஒருத்தியோட தெரணியகலைப் பக்கம் போயிட்டான்.

எங்க ஊரு மழைக்குத் தரையில போஞ்சி, அதான் பீன்ஸ், போட்டா அழுகிரும். அதனால பழைய லயத்துத் தகரத்த நிமித்தி, மூங்கில் முளை அடிச்சு, எட்டு மேட்டுப் பாத்தி கட்டினாங்க. மண்ணுக்கு என்ன செய்றதுன்னு தொரை கேட்டாரு. "மண்ணா? நான் தாரேன் தொரை"ன்னு நெஞ்ச நிமித்திச் சொன்னேன். நர்சரிக்குப் பின்னால பெரிய குவியல் கெடந்துச்சு, கழிச்ச பைகள ஒடச்சு, திரும்ப நெறைக்கிறதுக்குக் கொட்டி வச்சது. கல்லு இல்ல, வேர் இல்ல, மாவு மாதிரி சலிச்ச மண்ணு. என் கையால சலிச்சது. அத விட நல்ல மண்ணு அந்த மலையில எங்க இருக்கு?

மொதல்ல அழகா மொளச்சுச்சு. மூணாவது வாரம் போஞ்சியோட கீழ் இலை ஓரம் மஞ்சளாச்சு, அப்புறம் பழுப்பாச்சு, அப்புறம் அப்பளம் மாதிரி சுருண்டுச்சு. செடியும் ஒரு சாணுக்கு மேல வளரல. கத்தரி அத விட மோசம். புஷ்பா ஓடி வந்தா.

நான் என் மூணு கேள்வியோட போனேன். கீழ் இலைதான் முதல்ல. ஓரம்தான். எல்லாப் பாத்தியிலயும். அப்போ நோய் இல்ல, பூச்சி இல்ல. தண்ணி மிதமாத்தான் இருந்துச்சு, வெரல வச்சுப் பார்த்தேன். அடியில ஒழுகின தண்ணிய நாக்குல வச்சேன், உப்பு இல்ல. மிச்சம் ஒண்ணுதான். புள்ளகாம்பராவுக்குப் பின்னால ஒரு யூரியாப் பை, பாதி காலி.

"ஏண்டி, இத எவ்வளவு போட்ட?"

"நீங்க சொன்ன அளவுதான் கங்காணியம்மா. ஒரு பூவாளிக்கு ஒரு தீப்பெட்டி."

"ஒரு தீப்பெட்டி போட்டா பை பாதியாகுமா?"

"அது வரும்போதே பாதிதான். மலையில தேயிலைக்குப் போட்டு மிஞ்சினதத்தானே குடுத்தாங்க."

நான் நம்பல. நம்பலங்கிறத விட, நம்ப விரும்பலன்னு சொல்றதுதான் சரி. உரம் இல்லன்னா மண்ணுதான். மண்ணு என்னுது.

மறுநாள் பெரட்டுல எழுபது எண்பது பேர் நிக்கிறாங்க. தொரை கேட்டாரு, "கங்காணி, புள்ளகாம்பரா பாத்தி ஏன் கருகுது?"

"உரத்த அள்ளிக் கொட்டிட்டா தொரை. மண்ணுல ஒரு குத்தம் சொல்ல முடியாது, அதுக்கு நான் பொறுப்பு."

அன்னிக்கு மட்டும் அவரு காட்டுங்கன்னு கேக்கல. கருகின செடிய அவரே பார்த்திருந்தாரு, என் பேச்சையும் நம்பினாரு. பேனாவ எடுத்து உள்ளங்கையில புஷ்பாவோட பேர எழுதினாரு. சாயங்காலம் கூப்பிட்டு, மாச முடிவோட வேலை முடிஞ்சுதுன்னு சொல்லிட்டாரு. காம்பராவ அடுத்த மாசம் காலி பண்ணணும்.

புஷ்பா ஆபீசுல இருந்து நேரா என் வீட்டு வாசலுக்கு வந்தா. அழல. அழுதிருந்தா எனக்குச் சுளுவா இருந்திருக்கும்.

"நீங்க சொன்ன அளவுதான் போட்டேன்."

"அப்போ மண்ணையா குத்தம் சொல்ற?"

"நான் மண்ணச் சொல்லல. என்னச் சொல்லாதீங்கங்கிறேன்."

திரும்பிப் போயிட்டா. என் வீட்டுக்காரரு உள்ள இருந்து, "அவ பொய் சொல்ற மாதிரி இல்லயே"ன்னாரு. "நீங்க உங்க ஸ்டோரப் பாருங்க"ன்னு அவரு மேல பாய்ஞ்சேன். கோவம் வந்தா எனக்கு யாரு எவருன்னு தெரியாது.

ஞாயித்துக்கிழமை காலையில பாத்திக்குப் போனேன். உண்மையச் சொல்லணும்னா, அவ உரம் கொட்டினதுக்கு அத்தாட்சி தேடித்தான் போனேன். மண்ணுக்கு மேல எங்கயாவது வெள்ளையா குருணை கெடக்குதான்னு குனிஞ்சு குனிஞ்சு பார்த்தேன். ஒரு மண்ணும் இல்ல. அஞ்சாவது பாத்திக்கு வந்தப்பத்தான் அது கண்ணுல பட்டுச்சு. செத்துக்கிட்டிருந்த போஞ்சிக்கு நடுவுல ஒரு தேயிலைக் கன்னு. கழிச்ச பையில செத்துருச்சுன்னு வீசினது எப்படியோ தப்பிப் பொழச்சு, ரெண்டு இலை விட்டு நின்னுச்சு. எண்ணெய் தடவின மாதிரி பளபளன்னு பச்சை. ஒரு ஓரம் காயல, ஒரு புள்ளி இல்ல.

இலையத் திருப்பி அடியையும் பார்த்தேன். உரம் அதிகம்னா இந்தக் குட்டிக் கன்னுதான் முதல்ல பொசுங்கியிருக்கணும். போஞ்சி சாகுற மண்ணுல தேயிலை எப்படி இவ்வளவு சந்தோசமா நிக்குது?

அங்கதான் நான் முப்பது வருசமா செய்யாதத செஞ்சேன். நாலு பக்கமும் வெரலால மண்ணப் பறிச்சு, ஒரு போஞ்சிய மண் கட்டியோட தூக்கினேன். யாராவது பார்க்குறாங்களான்னு சுத்திமுத்தும் பார்த்துக்கிட்டேன், சிரிக்காதீங்க. பீலிக்குக் கொண்டு போய், தண்ணிய மெதுவா விட்டு, மண்ணு தானா கரையுற வரைக்கும் பிடிச்சுக்கிட்டு நின்னேன். நல்ல போஞ்சி வேரு வெள்ளையா, மயிர் மயிரா இருக்கும், அங்கங்க சின்ன முடிச்சு இருக்கும். இது கட்டையா, பழுப்பா, நுனி தடிச்சு, பல்லு தேஞ்ச, கூட்டுற தும்புத்தடி மாதிரி கெடந்துச்சு. ஒரு முடிச்சு இல்ல. மேல இலை கருகினதுல ஆச்சரியமே இல்ல, கீழ குடிக்க வாயே இல்லாமக் கெடந்திருக்கு.

அப்புறம் நர்சரிக்கு ஓடினேன். தேயிலைக் குச்சி வேர் விட மண்ணு நல்லாப் புளிப்பா இருக்கணும். பத்தலன்னா புளிப்பு ஏத்துற மருந்துத் தண்ணி ஊத்துவோம். எந்தக் குவியலுக்கு ஊத்தினோமோ அங்க நட்டிருக்குற பலகையில சுண்ணாம்பால ஒரு கோடு போடுறது வழக்கம், கோடு போடுறதும் நான்தான். அந்தக் குவியல் பலகையில ரெண்டு கோடு. ரெண்டு தடவ ஊத்தியிருக்கேன். தேயிலைக்குக் கேள்வியே இல்லாத மண்ணு, போஞ்சிக்கு வெசம். சோதனைப் பெட்டிய எடுத்து பாத்தி மண்ணக் கரச்சுப் பார்த்தேன். கடுதாசி மாறின நெறம் கடும் புளிப்புன்னு காட்டுச்சு. பெட்டிய மூடிட்டு அந்தக் கடுதாசிய எடுத்து வச்சுக்கிட்டேன்.

இது எனக்குத் தெரியாததா? வீட்டுக் கொல்லையில கத்தரிக்கு அடுப்புச் சாம்பல் போடுறவதான் நான். ஆனா பாருங்க, நர்சரி மண்ணுன்னா நல்ல மண்ணுன்னு ஒரு தடவ மனசுல பதிஞ்சிருச்சு. யாருக்கு நல்லதுன்னு நான் கேக்கவே இல்ல.

புஷ்பா காம்பராவுக்குப் போனேன். உள்ள கூப்பிடல. வாசல்லயே நின்னு சொன்னேன்: "தப்பு என் மேலதான் புஷ்பா. மண்ணுதான்."

ஒரு கையால கதவப் பிடிச்சுக்கிட்டா. அப்புறம், "எங்கிட்டச் சொல்லி என்னத்துக்கு? பெரட்டுலதானே சொன்னீங்க. பெரட்டுலயே சொல்லுங்க"ன்னா. கதவச் சாத்திட்டா.

எனக்கு ஓய்வுக்கு மூணு மாசம்தான் இருந்துச்சு. மாலை போட்டு, போட்டோ புடிச்சு அனுப்புவாங்கன்னு காத்துக்கிட்டு இருந்தவ. தொரைகிட்ட ஆபீசுல தனியாச் சொல்லிட்டா அவளுக்கு வேலை கெடச்சிரும், என் மானமும் தப்பிரும், அப்படியும் ஒரு யோசனை வந்துச்சு. வராமலா இருக்கும்? ஆனா எண்பது பேருக்கு முன்னால உரம் கொட்டினவன்னு பேர் வாங்கினவளுக்கு, நான் ஆபீசுல சொன்னா அந்தப் பேர் போயிருமா? சீ, அது என்ன பொழப்புன்னு விட்டுட்டேன்.

திங்கக்கிழமை பெரட்டுல தொரை ஆள் பிரிக்கிறதுக்கு முன்னாடியே முன்னால போய் நின்னேன்.

"தொரை, போன கிழமை நான் சொன்னது தப்பு. புஷ்பராணி உரம் கொட்டல. தேயிலைக்கு ரெண்டு தடவ புளிப்பு ஏத்தின மண்ண நான்தான் காய்கறிக்குக் குடுத்தேன். செடியக் கொன்னது நான்."

யாரோ பின்னால கெக்கேன்னு சிரிச்சாங்க. தொரை குடைய ஒரு கையில இருந்து மறு கைக்கு மாத்தினாரு.

"காட்டுங்க."

ஒரு கையில போஞ்சி வேரு, மறு கையில அந்தத் தேயிலைக் கன்னு, ரெண்டையும் நீட்டினேன். சோதனைக் கடுதாசியையும் குடுத்தேன். அவசரமே படாம எல்லாத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாரு. அப்புறம் கைக்குட்டையால உள்ளங்கையத் தொடச்சு, பேனாவ எடுத்து, என் பேர எழுதினாரு. சர்வீஸ் பூரா என் பேர் அந்தக் கையில ஏறினது அந்த ஒரு தடவதான்.

சாயங்காலம் ஆபீசுல அவரு சொன்னது ரெண்டே ரெண்டு. "புஷ்பராணிக்கு ஆறு மாசம் திரும்ப முதல்ல இருந்து. நானும் பார்க்காமப் பேர் எழுதினேன், அது என் பிழை." அப்புறம், "கங்காணி, ஓய்வு வாங்குற வரைக்கும் காலையில நர்சரி, பகலுக்கு மேல அந்தப் பாத்தி. அங்க புஷ்பராணி சொல்றதக் கேளுங்க. ஹரித?" சரியான்னு சிங்களத்துல கேட்டாரு, சரின்னேன்.

மூணு மாசம் அவகிட்ட வேலை பார்த்தேன். பாத்தி மண்ண பாதிக்குப் பாதி அள்ளி வெளிய போட்டோம். ஓடைக்கரை மண்ணு, நல்லா மக்கின கூட்டெரு, புளிப்பக் கொறைக்கிற டொலமைட் எல்லாம் கலந்து நனச்சு மூணு வாரம் சும்மா விட்டோம். திரும்ப சோதனை பார்த்தோம். அப்புறம் ஒரு பாத்தியில மட்டும் விதை போட்டு, மூணாவது இலை வந்ததும் ஒரு செடியத் தூக்கி வேரப் பார்த்தோம். வெள்ளையா, மயிர் மயிரா இருந்துச்சு. அதுக்கப்புறம்தான் மிச்ச ஏழு பாத்தி. இப்போ என்னக் கேக்குறவங்களுக்கு நான் சொல்றது இதுதான்: ஒரு செடியத் தியாகம் பண்ணுங்க. புடுங்கி, கழுவி, வேரப் பாருங்க. அப்புறம் இந்த மண்ணு இதுக்கு முன்னாடி யாருக்காகத் தயார் பண்ணினதுன்னு விசாரிங்க. மருந்துக் கடை எங்கயும் ஓடிப் போகாது.

அந்த மூணு மாசமும் புஷ்பா வேலையத் தவிர எங்கிட்ட ஒரு வார்த்தை பேசல. "அந்த முளைய இறுக்குங்க." "தண்ணி போதும்." அவ்வளவுதான். எனக்குச் சுருக்குன்னு இருக்கும். பல்லக் கடிச்சுக்கிட்டு செய்வேன். மத்தவங்க பார்த்துச் சிரிச்சாங்க, சிரிக்கட்டும்.

அவளோட ஆறு மாசம் முடிஞ்சப்போ நான் ஓய்வு வாங்கி வீட்டுல இருந்தேன். பேர் பதியுற கடுதாசியில வேலை பழக்கின ஆள் கையெழுத்து வேணுமாம். புஷ்பா கடுதாசிய எடுத்துக்கிட்டு வந்து நீட்டினா. போட்டுக் குடுத்தேன்.

"கையெழுத்துக்கு நான் நன்றி சொல்ல மாட்டேன் கங்காணியம்மா."

"சொல்லாத. சொன்னா எனக்குத்தான் வெக்கம்."

கடுதாசிய மடிச்சுக்கிட்டே படியில எறங்கினா. நாலு எட்டு வச்சு நின்னா.

"தேத்தண்ணி ஊத்தப் போறேன்"னா, திரும்பிப் பார்க்காமலே. "வாறதுன்னா வாங்க."

கூடவே போனேன். கதவத் திறந்து, முதல்ல என்னைய உள்ள போகச் சொன்னா.